தப்பு நின்றால் கயிறு நிற்கும்

என் தொண்டை இன்னும் சரியாகவில்லை. காரணம் பதுளை மழையல்ல — போன ஞாயிற்றுக்கிழமை அங்கே நடந்த கயிறிழுத்தல் போட்டி.

பெண்களுக்கான இறுதிப் போட்டி. ஒரு பக்கம் டவுன் டீம். சீருடை, சப்பாத்து, கூடவே ட்ரம்பெட்டும் டிரம்ஸுமாக ஒரு பப்பரே பாண்ட். மறுபக்கம் மடுல்சீமையிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்து அக்காமார். எல்லாரும் கொழுந்து பறிப்பவர்கள். எங்களிடம் பாண்ட் ஏது? தப்புப் பறை அடிக்கும் முனியாண்டி மாமாவை லொறியில் ஏற்றி வந்திருந்தோம்.

எங்கள் தோட்டத்துக்கு இதுவரை ஒரு கோப்பைகூட வந்ததில்லை.

முதல் இழுப்பு. திருவிழாவில் தேர் இழுக்கும்போது அடிக்கும் அடியை எடுத்தார் மாமா. அக்காமார் ஒரே உடம்பாகப் பின்னால் சாய்ந்தார்கள். கயிறு எங்கள் பக்கம் வந்துகொண்டே இருந்தது. இன்னும் ஒரு முழம்தான்... மாமா கைகளைத் தூக்கிக் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார்.

தப்பு நின்றது. அத்தனை பேரின் பிடியும் ஒன்றாகத் தளர்ந்தது. அடுத்த நொடி எங்கள் ஆட்கள் கோட்டுக்கு அந்தப் பக்கம்!

என்ன நடந்தது தெரியுமா? எங்கள் தேரில் தப்பு நின்றால் கயிற்றைத் தளர்த்த வேண்டும். வளைவு வந்துவிட்டது, சக்கரத்துக்குக் கட்டை போடுகிறார்கள் என்று அர்த்தம். சின்ன வயதிலிருந்து பழகிய கை. அதற்குத் தேர் எது, போட்டி எது?

கெப்டன் செல்வராணி அக்கா சேற்றைத் துடைத்தபடி வந்தார்.

"என்னா மாமா, அதுக்குள்ள சாமி கோயிலுக்குப் போயிருச்சா?"

"கெலிச்சிட்டோம்னு நெனச்சிட்டேன் புள்ள."

"கெலிச்சா நாங்க சொல்றோம். அதுவரைக்கும் கைய நிப்பாட்டாதீங்க."

மாமா நிறுத்தவில்லை. இரண்டாவது இழுப்பு எங்களுக்கு.

மூன்றாவது தொடங்கும்போது மழை. தப்பின் தோல் நனைந்து சத்தம் அமுங்கிப்போனது. தோலைக் காய்ச்சி முறுக்கேற்ற நெருப்புக்கு எங்கே போவது? மாமா அடிக்கிறார், கயிற்றடியில் யாருக்கும் கேட்கவில்லை. அக்காமாரின் கால்கள் முன்னால் வழுக்கத் தொடங்கின.

மாமாவின் கையைப் பார்த்து எங்கள் லொறிக் கூட்டம் கைதட்ட ஆரம்பித்தது. பிறகு பக்கத்திலிருந்த ஹல்துமுல்லைக்காரர்கள். பிறகு பாதி மைதானம். கடைசியில்... பப்பரே பாண்டின் டிரம்ஸ்காரர்! பாவம், தன் கை எப்போது எங்கள் அடிக்கு மாறியது என்று அவருக்கே தெரியாது.

கூட்டம் ஆட்டத்தைப் பார்க்க மட்டுமா வருகிறது? நல்ல தாளம் ஒன்று கிடைத்தால் பார்க்க வந்தவரும் ஆடத் தொடங்கிவிடுகிறார். எந்தப் பக்கத்து ஆள் என்பதையும் மறந்துவிடுகிறார்.

வழுக்கிய கால்கள் ஊன்றின. கயிறு திரும்பியது. கோட்டைத் தாண்டியும் அக்காமார் விடவில்லை, இழுத்துக்கொண்டே போனார்கள். நடுவர் விசிலை ஊதி ஊதிக் களைத்து, மாமாவிடம் ஓடி வந்து நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"கெப்டன் சொல்லட்டுங்க" என்றார் மாமா, அடித்தபடியே.

தூரத்திலிருந்து செல்வராணி அக்கா சிரித்தார். "இப்ப நிப்பாட்டுங்க மாமா. கெலிச்சிட்டோம்."

தப்பு நின்றது. கயிறும் நின்றது. நாங்கள்தான் மடுல்சீமை வரைக்கும் நிறுத்தவில்லை — என் தொண்டையைக் கேட்டுப் பாருங்கள்.