என் பேரில் வந்த குளிசை

அந்தக் குளிசையை நான் ஒரு கிழமைதான் போட்டேன். வயிற்றைப் பிரட்டியது, விட்டுவிட்டேன். விட்டதை டொக்டரிடம் சொல்லவில்லை, கோபிப்பார் என்று பயம். எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். தபால்பெட்டியில் அரசாங்கக் கடிதம் ஒன்று கிடந்தாலே கை குளிர்ந்துவிடும். ஆகவே அவர் மாதாமாதம் மருந்துத் துண்டு எழுதினார். நான் மருந்துக்கடையில் பச்சைக் காப்புறுதி அட்டையை நீட்டிப் பெட்டியை வாங்கி வந்தேன். காசு கட்டத் தேவையில்லை. "வேண்டாம்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அது எனக்கு வராது.

அப்போது நாங்கள் பாரிஸில், மார்க்ஸ் டோர்மோயில் லிப்ட் இல்லாத ஒரு கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் இருந்தோம். மூன்றாம் மாடியில் ஓர் அக்கா. சொந்தமில்லை. நான் வந்த புதிதில் எனக்குக் குளிர்க் கோட்டு வாங்கித் தந்து, விசாவுக்கு பிரிபெக்தூர் வரிசையில் என்னோடு வந்து நின்றவ. பெரியபிள்ளையான தன் மகளுக்கு அவ சாமத்தியவீடு வைக்க மண்டபம் எடுத்திருந்தா.

"உந்தக் கமராவுக்கு முன்னாலை நான் நிண்டால் பிள்ளையைத் தெரியாது, என்னைத்தான் தெரியும்" என்று தன் உடம்பைத் தானே பகிடி பண்ணுவா.

ஒருநாள் சீனி எடுக்க என் குசினி அலுமாரியைத் திறந்தா. "இதென்னடி, பார்மசியை இஞ்சை தூக்கிக்கொண்டு வந்திட்டாய்?"

"சீனி வருத்தத்துக்குத் தந்தது அக்கா. மெலியவும் இதைத்தான் குடுக்கிறவையாம்."

அவ கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். அவவுக்குத் திருப்பிக் கொடுக்க என்னிடமும் ஏதோ இருக்கிறது என்ற சந்தோஷம். இருந்த பெட்டிகளை அன்றைக்கே கொடுத்துவிட்டேன்.

சாமத்தியவீடு நன்றாக நடந்தது. மெலிந்த அக்காவுக்குச் சேலைச் சட்டையும் பொருந்தியது. அதற்குப் பிறகும் அவ குளிசையை நிறுத்தவில்லை, நான் கொடுப்பதையும் நிறுத்தவில்லை. இரண்டு வருசம்.

2009 முடிகிற நேரம் அந்தக் குளிசையை விற்கக் கூடாதென்று நிறுத்தினார்கள். இருதயத்தின் வால்வைப் பழுதாக்குகிறதாம். டொக்டர் என்னைக் கூப்பிட்டு ஸ்கான் எடுக்க அனுப்பினார். என் இருதயத்தில் ஒரு பழுதும் இல்லை. அந்த நல்ல செய்தியோடு படியேறி வந்தபோது, இரண்டாம் மாடியில் அக்கா கைப்பிடியைப் பிடித்தபடி நின்றா. பக்கத்தில் காய்கறிப் பை.

"களைக்குது பிள்ளை. வயசு போட்டுதாக்கும்."

உடனே டொக்டரிடம் போங்கோ, இந்தக் குளிசை போட்டதைச் சொல்லுங்கோ என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னது வேறு. "ஆஸ்பத்திரியிலை கேட்டால் என்ரை குளிசை எண்டு சொல்லிப்போடாதேங்கோ அக்கா. காப்புறுதிக் கார்டைப் பறிச்சுப் போடுவாங்கள். பிரஜாவுரிமைக்கு வேறை போட்டிருக்கிறன்."

"ஓம் ஓம். நீ பயந்து சாகாதை."

ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். அப்படி ஒன்றும் எடுக்கவில்லை என்று அக்கா சொன்னா. அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். பிறகு நெஞ்சைத் திறந்து வால்வு மாற்றினார்கள். வேலைக்குப் போவதும் அதோடு நின்றது.

சில வருசம் கழித்து, பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு கடையின் பின்னறையில் கடதாசி நிரப்பிக் கொடுக்கிற பாண்டிச்சேரி அம்மா ஒருவரிடம் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார்.

"கம்பெனி மேல சிவில் கேஸ் போடலாம், அதுக்கு அவொக்கா, வக்கீல் வெக்கணும், இழுத்துக்கிட்டே போகும். கிரிமினல் கேஸ்ல பாதிக்கப்பட்டவங்கன்னு சேந்துக்கலாம். இல்லேன்னா அரசாங்கமே ஒரு குழு வெச்சிருக்கு. ஃபீஸ் கிடையாது. டாக்டருங்க உங்க தொசியே, ஃபைலப் பாத்து, இந்த மருந்தாலதான் வந்துச்சா இல்லையான்னு சொல்லுவாங்க. ஆனா எங்க போனாலும் மொதக் கேள்வி இதுதான் மதாம். நீங்க மருந்து சாப்பிட்டதுக்கு என்ன ஆதாரம்?"

துண்டுகள் என் பேரில். மருந்துக்கடைக் கம்ப்யூட்டரிலும் என் பேர்.

"அப்ப இவங்கதான் எழுதித் தரணும்" என்று என்னைக் காட்டினார். "அத்தெஸ்தாசியோன் சுர் லொனேர்."

எனக்கு அது பழக்கமான கடதாசி. எங்கள் தமிழ்ச்சனம் கூடுகிற லாச்சப்பலில் அது ஆளுக்காள் செய்கிற உதவி. எங்கள் வீட்டில் ஒருநாளும் தங்காத ஆட்களை, எங்களோடு இருக்கிறார்கள் என்று நானே எத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்! ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். 'சுர்லொனேர்' என்பதை அந்தப் படிவத்தின் பேர் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் கேட்டேன், அப்படியென்றால் என்ன என்று.

"லொனேர்னா மானம் மதாம். என் மானத்து மேல சொல்றேன்னு அர்த்தம்."

படிவத்தை வீட்டுக்குக் கொண்டு போனேன். பொய் எழுதினால் தண்டனை என்ற வரியைக் கையாலேயே பார்த்து எழுதவேண்டும். மற்றவர்களுக்குப் பொய்யை மளமளவென்று எழுதிக் கொடுத்த நான், இதில் அந்த வரியோடு பேனையை மூடி வைத்தேன். பிரஜாவுரிமை அதற்குள் கிடைத்துவிட்டது. இப்போது, கிடைத்ததைப் பறித்துவிடுவார்களோ என்ற பயம். சில தடவை கொடுத்தேன் என்றால் தெரியாமல் செய்த பிழை, இரண்டு வருசம் கொடுத்தேன் என்றால் களவு என்று எனக்குள் ஒரு கணக்கு. 'கெல்க் ஃபுவா', சில தடவை என்று எழுதினேன். பிரெஞ்சில் இரண்டு வருசம் என்று எழுத அதைவிடக் குறைய எழுத்துத்தான்.

குழுவின் பதில் வந்தது. சில தடவை போட்ட குளிசையால் இப்படிப் பழுது வந்ததென்று சொல்ல முடியாதாம். இல்லையென்று தள்ளிவிட்டார்கள். நான் அக்காவின் வீட்டில் உட்கார்ந்து அழுதேன். அவ தேத்தண்ணி ஊற்றித் தந்து என்னைத் தேற்றினா. அதைக் குடித்தேன். அந்தத் தேத்தண்ணியைக் குடித்ததை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது.

பிறகு ஒருநாள் பாண்டிச்சேரி அம்மா என்னைக் கடைவாசலில் மறித்தார். தள்ளப்பட்டவர்கள் புது ஆதாரம் இருந்தால் திரும்பப் போடலாம் என்று சட்டம் வந்திருக்கிறதாம். "ஏதாச்சும் இருக்கா?" என்றார்.

அன்றைக்கே மூன்றாம் மாடிக்கு இறங்கினேன். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா. மகள் லப்டொப்போடு மேசையில்.

"அக்கா, நான் அதிலை சில தடவை எண்டுதான் எழுதினனான்."

"தெரியும்" என்றா, நிமிராமல். "இவள் அண்டைக்கே வாசிச்சுச் சொன்னவள். மேலை வந்து உன்னைக் கேக்கப்போறன் எண்டு குதிச்சவள். நான்தான் விடேல்லை."

"ஏனக்கா?"

"கேட்டால் நீ ஒளிச்சுத் திரிவாய். எனக்குக் களைக்கத் தொடங்கினதிலையிருந்து நீ என்ரை வாசலைக் கடக்கேக்கை செருப்பைக் கையிலை எடுத்துக்கொண்டெல்லே ஏறுறனி? எனக்குக் காது பழுதில்லையடி."

மகள் சிரிக்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினாள். இரண்டு வருசம் என்பதை நானே எழுதிவிட்டேன். ஆனால் முதல் எழுதியது பொய் என்றும் எழுதவேண்டும் என்றாள். அந்தத் தொசியே இன்னும் குழுவிடம்தான் இருக்கிறது, பதில் வரவில்லை. அன்றைக்கு எனக்கு 'நான் பொய் சொன்னேன்' என்பதற்குப் பிரெஞ்சில் எழுத்துக்கூட்டத் தெரியவில்லை. அவளிடம் கேட்டேன். என்னைப் பார்க்காமல், எழுத்தெழுத்தாகச் சொன்னாள். எனக்கு விளங்கவில்லை. திரும்பவும் கேட்டேன்.