ஐந்தாவது கிளாம்ப்

கடைத்தெருவில் அவனைக் கொட்டாப்புளி என்றுதான் சொல்வார்கள். உளியின் தலையில் ஓங்கிப் போடுகிற மரச் சுத்தியலுக்குப் பெயர் அது. தச்சு வேலையில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது, ஆளை அடிப்பதிலும் கிடையாது. பலகைக் கட்டைத் தரையில் வீசிய லாரி டிரைவர் ஒருவன் முன்பல் இரண்டைப் பறிகொடுத்தான். அலமாரி கோணல் என்று சொன்ன வீட்டுக்காரர், அதே அலமாரியில் மூக்கு இடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அலமாரி கோணலே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவன் வேலையில் கோணல் வராது, புத்தியில்தான் வரும்.

வீட்டிலும் அதே கைதான். மனைவியின் இடது மணிக்கட்டு இரண்டு முறை உடைந்தது. இரண்டாம் முறை மாவுக்கட்டோடு வந்தவள், ஒற்றைக் கையால் துணிமணியைப் பெட்டியில் திணித்து, மகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அப்போது மகளுக்குப் பதினான்கு வயது.

எட்டு வருஷம் கழித்து மகள் தானாக வந்து நின்றாள். ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் வேலையில் இருந்தாள். அவன் தச்சுப் பட்டறைக்குள் காலை வைக்காமல் வாசலிலேயே நின்று பேசினாள்.

"கம்ப்யூட்டர்ல வரைஞ்சத மரத்துல தானா வெட்டுற மிஷின் இருக்குல்லப்பா, சி.என்.சி ரூட்டர், அத நாமளே கட்டலாம். கரண்டு வேலை நான் பாத்துக்கறேன். மேசை நீங்க கட்டுங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் வரேன்."

"வாம்மா."

"ஒரு கண்டிஷன் இருக்கு. இனிமே கை நீட்டக் கூடாது. என் மேல மட்டும் இல்ல, யார் மேலயும். ஒரே ஒரு தடவ நீட்டினாலும் நான் வரமாட்டேன்."

அவன் தலையை ஆட்டினான். இயந்திரம் கட்டி அவன் எந்தக் கோட்டையைப் பிடிக்கப்போகிறான்? அவனுக்கு வேண்டியது ஞாயிற்றுக்கிழமை. அவ்வளவுதான்.

இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து மேசையின் சட்டம் எழுந்தது. மூலைக்கு மூலை டேப் வைத்துப் பார்த்தான், இரண்டு குறுக்களவும் ஒன்றாக வருகிறவரை சட்டத்தைத் தட்டித் தட்டி ஒழுங்குக்குக் கொண்டுவந்தான். மேசைக்குக் குறுக்கே ஒரு பாலம். அது முன்னும் பின்னும் நகரும். பாலத்தின் நடுவில் ஒரு மோட்டார், மோட்டாரின் நுனியில் மரத்தை வெட்டுகிற பிட். மகள் மில்லிமீட்டரில் பேசுவாள், அவன் நூல் கணக்கில் பதில் சொல்வான். "ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல், இது தெரியாம என்ன இன்ஜினியரு" என்று அவன் கேட்டால், "இந்த மிஷினுக்கும் தெரியாதுப்பா, அதையும் திட்டுங்க" என்பாள்.

பாலத்துக்கான தகடுகளில் துளை போட்ட லேத்துக்காரர், எல்லாத் துளையையும் ஒரு நூல் தள்ளிப் போட்டுக் கொடுத்தார். கேட்டதற்கு, "மர வேலைதானே, முன்ன பின்ன இருந்தா என்ன?" என்று சிரித்தார். கொட்டாப்புளிக்குக் காது அடைத்துக்கொண்டது. அந்தச் சிரித்த தாடையில் எங்கே போட்டால் எந்தப் பல் கழலும் என்று அவனுக்குத் துல்லியமாகத் தெரியும். இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு திரும்பி நடந்தான். பட்டறைக்கு வந்து, மூன்று நாள் உழைத்துச் செய்த ஸ்டூல் ஒன்றைச் சுவரில் அடித்தான். கால் ஒடிந்தது. ஒடிந்த காலை வைத்தே மிச்சத்தைச் சிராய் சிராயாக நொறுக்கினான். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வழிந்தபிறகுதான் மூச்சு சீராக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகள் அந்தக் குவியலைப் பார்த்தாள்.

"இது யாரு?"

"ஸ்டூல்."

"லேத்துக்காரர்?"

"நல்லாதான் இருக்கார். வேற தகடு போட்டுத் தரேன்னிருக்கார்."

"ஸ்டூல் கணக்குல வராது" என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பட்டறைக்குள் உட்கார்ந்து அவனோடு சாப்பிட்டாள். அவள் போதும் என்றும் கேட்காமல் தன் பங்குச் சோற்றையும் அவள் தட்டில் வைத்தான், அவ்வளவு சந்தோஷம்.

அவசரத்துக்கு நிறுத்துகிற சிவப்புப் பொத்தானை எங்கே வைப்பது என்பதில் மட்டும் ஒரு தகராறு. மகள் முன்பக்கம் வேண்டும் என்றாள். "முன்னால வச்சா பலகை தூக்கி வைக்கும்போது இடிச்சு உடையும்" என்று சொல்லி அவன் மேசையின் பின்பக்கக் காலில் பொருத்திவிட்டான். பிடித்தால் விடமாட்டான், அது ஊருக்கே தெரியும். அவள் சரி என்று விட்டுவிட்டாள்.

பதினான்காவது ஞாயிறு ஓட்டிப் பார்க்கும் நாள். மகள் பலகையை மேசையில் கிடத்தி, நான்கு மூலையிலும் கவ்விப் பிடிக்க நான்கு கிளாம்ப் போட்டு இறுக்கினாள். பிட் போகிற பாதைக்கு வெளியே பார்த்துப் போட்டது அது. பிறகு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். முப்பது வருஷம் மரத்தோடு மல்லுக்கட்டியவனுக்கு, நடுவில் பிடிமானம் இல்லாத பலகையைப் பார்த்தால் கை அரிக்கும். பெரிய இரும்பு கிளாம்ப் ஒன்றை எடுத்து, நடு விளிம்பில் மாட்டித் திருகினான். மகளிடம் சொல்லவில்லை. இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தான்.

இயந்திரம் ஓடியது. பலகையில் ஒரு வளைவு வெண்ணெயில் கீறினதுபோல் விழுந்தது. மகள் அவனைப் பார்த்து ஒற்றைப் புருவத்தை உயர்த்தினாள்.

அடுத்த வளைவில் பிட் இரும்பில் மோதியது. வெடிச் சத்தம். ஒடிந்த நுனி அவன் காதை உரசிக்கொண்டு போய்ப் பின்னால் சாய்த்திருந்த பிளைவுட்டில் குத்தி நின்றது. கிளாம்ப் பிய்ந்து பறந்தது. பலகை துள்ளி எழுந்து இரண்டாகப் பிளந்தது. பாலத்துக்கு அதெல்லாம் தெரியாது. பிளந்ததை முட்டித் தள்ளிக்கொண்டு அது முன்னால் வந்தது, ஒடிந்த பிட் மிச்சத்தோடு மோட்டார் அலறியது. மகள் பின்பக்கத்துச் சிவப்புப் பொத்தானை எட்டிப் பிடிக்க மேசையின் மேல் பாய்ந்தாள். சுழல்கிற இரும்புக்கும் அவள் முழங்கைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளிதான்.

அவன் அடித்தான். தோளில், முழு பலத்தோடு. அவள் பின்னால் போய்ப் பலகை அடுக்கின் மேல் விழுந்தாள். சுவரோரம் பாய்ந்து வயரைப் பிடுங்கினான். பாலம் நின்றது, மோட்டார் முனகி முனகி அடங்கியது.

இதுவரைக்கும் அவனை யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. நானும் சொல்லமாட்டேன்.

மகள் எழுந்தாள். மரத்தூளைத் தட்டிக்கொண்டே, "நல்ல வேளைப்பா" என்று வாயைத் திறந்தாள். அவன் உள்ளங்கை அவள் கன்னத்தில் இறங்கியது. தலை ஒரு பக்கம் திரும்பி, உதடு கிழிந்தது.

"கை போயிருந்தா என்னடி பண்ணுவ?"

அவள் உதட்டைத் தொட்டு, விரலில் இருந்த ரத்தத்தைப் பார்த்தாள். "தோள்ல அடிச்சது எதுக்குன்னு தெரியுது. இது எதுக்கு?"

"பயந்துட்டேன்மா."

அவள் குனிந்து, தரையில் கிடந்த ஐந்தாவது கிளாம்பை எடுத்தாள். நசுங்கிய இடத்தைத் தடவிப் பார்த்தாள். யார் போட்டது என்று கேட்கவில்லை. அதை மேசை மேல் வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

சாயங்காலம் போன் வந்தது. எட்டு வருஷத்தில் முதல் தடவையாக மனைவியின் குரல்.

"அவ கன்னம் வீங்கியிருக்கு. பலகை தெறிச்சு பட்டுருச்சுங்கறா. அடுத்த ஞாயிறு வந்து பிட்ட மாத்தணுமாம்."

அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். அடுத்த ஞாயிறு. அவள் வருவாள். பலகைதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"நானும் கேக்கறவங்க கிட்டல்லாம் கதவு இடிச்சிருச்சுன்னுதான் சொல்லிட்டு இருந்தேன்" என்றாள் மனைவி. "அதனால கேக்கறேன். பலகைதானா?"

அடி வாங்கின மகள், அடித்தவனுக்காகப் பொய் சொல்லியிருக்கிறாள். இந்த வேலையை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்று அவன் வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

"பலகை இல்ல" என்றான். "நான்தான் அடிச்சேன். மிஷின் நின்னதுக்கு அப்புறம்."

"இனிமே அவள அங்க விடமாட்டேன்" என்றாள் மனைவி.

"விடாத" என்றான் அவன்.