கஜனுக்குப் படைத்த விளையாட்டு

குருவிட்ட டவுனுக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில், அம்மன் திருவிழா வந்தால் பொங்கல் பானையைக் கழுவ ஜீவராணியைத்தான் கூப்பிடுவார்கள். சாம்பலும் புளியும் போட்டு அவள் தேய்த்தால் பானையில் முகம் பார்க்கலாம். சாமிக்கு வைப்பதில் பழைய வாடை ஒரு துளியும் இருக்கக்கூடாது என்பது அவள் பிடிவாதம். கொழுந்து பறித்து வந்த களைப்போடும் ஒரு பானையை மூன்று தரம் கழுவுவாள்.

அவளுடைய மகன் கஜேந்திரன் என்கிற கஜன் மாணிக்கக் குழியில் வேலை செய்தவன். போன வருஷ மழையில் எலிக்காய்ச்சல் கண்டு, இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் நாலே நாளில் போய்விட்டான். இருபத்து மூன்று வயது. அவன் போன் அதற்கு முந்தின வாரமே குழித் தண்ணீரில் விழுந்து செத்துப் போயிருந்தது. சுவரில் ஒரு படம் மட்டும் மிச்சம். படத்தைப் பார்த்தால் முகம் வரும், குரல் வராது. "அம்மா" என்று அவன் எப்படிக் கூப்பிட்டான் என்று நினைத்து நினைத்துப் பார்ப்பாள். ஒரு நாள் பாதி வரும், மறுநாள் அதுவும் வராது. விளக்கு ஏற்றும்போதெல்லாம் அம்மனிடம் இதைத்தான் கேட்டாள்: "பிள்ளையத்தான் எடுத்துக்கிட்ட, அந்தச் சத்தத்தையாவது ஒரு தடவை கேக்க வையி தாயே."

வருஷத் திவசம் வந்தது. செத்தவர் ஆசைப்பட்டு அனுபவிக்காமல் போனதைப் படையலில் வைக்க வேண்டும் என்பது தோட்டத்து லய வீடுகளின் வழக்கம். கஜனுக்கு ஒரு கேம் பெட்டி இருந்தது. டீவியில் மாட்டிக் கார் ஓட்டுவான். புதிதாக வந்த ஒரு கேமுக்கு ஏங்கிக் கிடந்தான். பெட்டியில் இடம் இல்லை என்று, இரத்தினபுரியில் யாரோ பாவித்த ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கி வந்தான். பெட்டியில் மாட்டுவதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது.

பெட்டியையும் ஹார்ட் டிஸ்க்கையும் சீலைத் துண்டில் சுற்றிக்கொண்டு, ஜீவராணி குருவிட்ட டவுனில் ஜவ்பரின் போன் கடைக்குப் போனாள்.

"தம்பி, இதுல அந்தப் புதுக் கேமைப் போட்டுக் குடுங்க. படையலுக்கு வைக்கணும்."

ஜவ்பர் ஹார்ட் டிஸ்க்கைத் தன் கம்பியூட்டரில் மாட்டினான். "இத மொதல்ல அழிக்கோணும் அக்கா. அழிச்சாத்தான் உங்கட பெட்டி இத ஏத்துக்கும். உள்ளுக்கு கொஞ்சம் வீடியோ இரிக்கி. பேரில்ல, வெறும் நம்பர். தெறந்து பாக்கவா?"

ஜீவராணி பதறிப் போனாள். "ஐயோ வேணாம் தம்பி! யாரோ பாவிச்சுட்டு வித்தது. அடுத்தவங்க வீட்டு விசயத்தப் பாக்கிறது பாவம். கழுவிருங்க."

"தண்ணி பட்டா இது மௌத்தாயிரும் அக்கா!" ஜவ்பர் சிரித்தான். "தண்ணியில்லாம கழுவித் தாறன். மேலால அழிச்சா ஒரு நிமிஷம். முழுசா அழிச்சா மூணு மணித்தியாலம். மேலால அழிச்சாப் போதும்."

"சாமிக்கு வைக்கிறது தம்பி. அடியில எச்சில் தங்கிறப் போவுது. முழுசாவே கழுவுங்க. நான் இருக்கேன்."

"சரி அக்கா. உங்கட இஷ்டம்."

மூன்று மணித்தியாலம் கடை வாசல் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். பஸ் ஒன்று போனது, இன்னொன்றும் போனது. அவன் ஆசை நிறைவேறப் போகிறது என்று, பல மாதத்துக்குப் பிறகு அவள் மனம் கொஞ்சம் லேசாக இருந்தது. புதுக் கேமையும் ஏற்றி, எங்கே அழுத்த வேண்டும் என்று காட்டி அனுப்பினான் ஜவ்பர்.

அவிசாவளையில் தையல் பெக்டரியில் வேலை செய்யும் மகள் கிருஷ்ணகுமாரி, திவசத்தன்று காலை வந்து சேர்ந்தாள். தோளில் கூட்டாளியிடம் இரவல் வாங்கிய லெப்டொப். சாமான்களை வைத்ததும் அலுமாரியைத் திறந்து தேடினாள்.

"அம்மா, அண்ணனோட ஹார்ட் டிஸ்க் எங்க?"

"அங்க பாரு, பெட்டியில மாட்டிட்டேன். ஜவ்பர் தம்பி நல்லா அழிச்சுக் கழுவிக் குடுத்துச்சு."

குமாரி பெட்டியின் பக்கம் ஓடினாள்.

"அதுலதாம்மா அண்ணன் வீடியோ எல்லாம் போட்டு வச்சிருந்திச்சு. போன் நெறஞ்சிருச்சின்னு கடையில குடுத்துப் போட்டிச்சு. எனக்குச் சொல்லிச்சு."

"என்ன வீடியோ?"

"நீங்க சட்டி கழுவுறதும்மா. அண்ணன் பின்னால நின்னு எடுத்து, 'அம்மா, போதும்மா, சட்டியில ஓட்டை விழுந்திரும்'னு கத்திக் கத்திச் சிரிக்கும்."

"ஏன் புள்ள எனக்குச் சொல்லல?"

"நீங்க தாங்க மாட்டீங்கன்னு நெனச்சேம்மா. வருஷம் போகட்டும், இன்னைக்குப் போட்டுக் காட்டலாம்னுதான் லெப்டொப் கொண்டாந்தேன்."

குமாரி ஜவ்பருக்குப் போன் எடுத்தாள். விசயத்தைச் சொன்னாள். "முழுசா அழிச்சா திரும்ப எடுக்க ஏலாது தங்கச்சி. நான் தெறந்து பாத்திரிக்கோணும்" என்றான் ஜவ்பர்.

"அந்தத் தம்பி மேல தப்பில்ல," என்றாள் ஜீவராணி. "அது பாக்கவான்னுதான் கேட்டிச்சு. நான்தான் முழுசாக் கழுவச் சொன்னேன். ஒக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன்."

அவள் கையைக் கூப்பினாள். அம்மன் படத்தின் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கேட்டதை அம்மன் அவள் கையில் கொண்டுவந்து கொடுத்திருக்க, தானே அல்லவா வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள்? கும்பிட்ட கை கும்பிட்டபடியே நின்றது.

படையல் நேரம் தள்ளிக்கொண்டு போனது. இலை போட்டுச் சோறு, கோழிக்கறி, அவனுக்குப் பிடித்த பருப்பு வடை எல்லாம் வைத்தார்கள். குமாரி கேமைப் போட்டாள். டீவியில் புத்தம்புதுக் கார் ஒன்று வந்து நின்றது. யாராவது அழுத்தினால்தான் அது ஓடும்.

கடைசியாக, அவன் கையில் பிடித்து விளையாடும் அந்தக் கறுப்புச் சாமானையும் இலை ஓரத்தில் வைக்க வேண்டும். ஜீவராணி பழக்க தோஷத்தில் மஞ்சள் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்தாள். துடைக்கப் போகும்போதுதான் பார்த்தாள். பெருவிரல் படும் பள்ளத்தில் குழி மண் காய்ந்து ஒட்டியிருந்தது. வேலை விட்டு வந்த அவசரத்தில் கையை அரைகுறையாகக் கழுவிவிட்டு விளையாட உட்காருவான். அதற்காக எத்தனை நாள் ஏசியிருப்பாள்.

துணியைக் கீழே வைத்தாள்.

"அப்படியே வைக்கிறீங்களாம்மா?" என்றாள் குமாரி.

"அப்படியே இருக்கட்டும்."

மண்ணோடு அதை இலையில் வைத்து, சூடம் கொளுத்தினாள்.