அரளிக் கட்டையும் நான் சொன்ன பல்லியும்

2005-ஆம் வருடப் பொங்கல் ஒரு வெள்ளிக்கிழமையில் வந்தது. அப்போது நான் துபாய் அல் கூஸில், தோட்ட வேலை எடுத்துச் செய்யும் ஒரு கம்பெனியின் கேம்பில் இருந்தேன். டைம்கீப்பர் வேலை. யார் எத்தனை மணிக்கு சைட்டில் இறங்கினார்கள், எத்தனை மணிக்குத் திரும்ப வண்டி ஏறினார்கள் என்று எழுதி வைப்பது. பேனா பிடிக்கிற வேலை என்பதால், மண்வெட்டி பிடிக்கிறவர்களைவிட நான் கொஞ்சம் விவரமானவன் என்று எனக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்பு ஒரு மனிதரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

கம்பெனி நர்சரியில் வெள்ளிக்கிழமை தோறும் காலையில் ஏழெட்டுப் பேர் கூடுவோம். வாரம் முழுக்க சைட்டில் வெட்டிப் போட்ட கிளைகளை எடுத்து வந்து, ஈரம் காய்வதற்குள் பச்சை மரத்திலேயே சாமான்கள் செய்வோம். சுவாத் பக்கத்திலிருந்து வந்த பாகிஸ்தானி தோட்டக்காரர் ஒருவர் ஆரம்பித்து வைத்தது அது. பழைய சாரக் குழாய்களை வைத்து மரம் கடைய ஒரு கடைசல் எந்திரம் கட்டியிருந்தார். கரண்ட் கிடையாது. தலைக்கு மேலே நீளமாக ஒரு பேரீச்ச மட்டை. அதன் நுனியிலிருந்து இறங்கும் கயிறு கட்டையை ஒரு சுற்று சுற்றிக்கொண்டு கீழே மிதிபலகைக்குப் போகும். மிதித்தால் கட்டை நம் பக்கமாகச் சுழலும், உளியை வைத்துச் சீவலாம். காலை எடுத்தால் மட்டை கயிற்றை மேலே இழுத்துக்கொள்ளும், கட்டை திரும்பிச் சுற்றும். ஒரு மலையாளி டிரைவர், இரண்டு நேபாளிகள், எங்கள் பக்கத்து ரூமில் இருந்த புதுக்கோட்டைக்காரக் கொத்தனார், நான் எல்லோரும் அதில் மாறி மாறி நிற்போம். ஆறு நாள் உழைத்தது போதாதா, ஏழாவது நாளும் மரத்தோடு மல்லுக்கட்டணுமா என்று கேம்பில் கேலி செய்வார்கள். அங்கே மிதித்துக்கொண்டிருக்கும்போது வீட்டு நினைப்பு வராது. அதற்காகவே போனோம் என்று நினைக்கிறேன்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யார் கட்டை கொண்டுவந்தாலும் பட்டையோடும், முடிந்தால் ஒரு கொத்து இலையோடும் நடுவில் வைக்க வேண்டும். எல்லோரும் கையில் வாங்கிப் பார்ப்பார்கள், நகத்தால் கீறி மோந்து பார்ப்பார்கள். இன்ன மரம் என்று அத்தனை பேரும் ஒத்துக்கொண்ட பிறகுதான் அதன் வெட்டு முகத்தில் சாக்பீஸால் பெயர் எழுதுவார்கள். பெயர் எழுதாத கட்டையில் உளி படக்கூடாது. எனக்கு இது பொண்ணு பார்க்கும் சடங்கு போலத் தெரிந்தது. "மாப்பிள்ளை வீட்டுக்குப் புடிச்சிருக்கா?" என்று கொத்தனாரிடம் கிண்டல் செய்வேன். சுவாத்காரர் மட்டும் சிரிக்க மாட்டார்.

பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் மெஸ்ஸில் இருந்த மரத்துடுப்பு நடுவில் பிளந்துவிட்டது. எங்கள் சமையல்காரர் சிவகங்கைப் பக்கம். ஐம்பதை நெருங்கியவர், மெஸ்ஸில் சாப்பிடும் நாற்பது பேருக்கும் அவர்தான் பொங்கிப் போடுகிறவர். என்னைக் கூப்பிட்டு, "நீதான் வெள்ளிக்கெழமையானா மரத்தக் கொடையிறியாமே, ஒரு துடுப்பு செஞ்சு குடேன். சர்க்கரைப் பொங்கல கரண்டிய வச்சு எங்கிட்டுக் கிண்ட?" என்றார். அத்தனை பேரிலும் என்னைக் கூப்பிட்டுக் கேட்டாரே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

வியாழக்கிழமை ஒரு வில்லாவில் சுவர் ஓரமாக இருந்த பழைய செடி வரிசையை வேரோடு எடுத்தார்கள். இலையும் சிம்பும் வேறு வண்டியில் போய்விட்டன. அடித்தண்டுகள் மட்டும் மண்ணோடு குவிந்து கிடந்தன. அதில் ஒன்று மணிக்கட்டைவிடப் பருமனாக, கோணல் இல்லாமல் நேராக இருந்தது. வேம்பு என்று நானே முடிவு செய்துகொண்டேன். அதைத் தூக்கிக்கொண்டு மாலையில் நர்சரிக்குப் போனேன். யாரும் இல்லை. மண் ஒட்டிய அடித்துண்டை வெட்டி எறிந்தேன், பட்டையை உரித்தேன், பிடியைக் கடைந்தேன், முனையைச் சப்பையாகச் செதுக்கினேன். விரல்கள் பிசுபிசுவென்று ஒட்டின. கழுவிக்கொண்டு வந்துவிட்டேன். அன்றே சமையல்காரர் கையில் கொடுத்தேன். தடவிப் பார்த்துவிட்டு, "நல்லாருக்குப்பா" என்றார்.

மறுநாள், பொங்கலன்று காலை கூட்டத்துக்குப் போனபோது, கடைசலுக்குக் கீழே கிடந்த என் அடித்துண்டை சுவாத்காரர் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். மண்ணைத் தட்டியதில் உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு துளிர் ஒட்டிக்கொண்டிருந்தது. இது யாருடையது என்று இந்தியில் கேட்டார். என்னுடையதுதான் என்றேன். அவர் அதைக் கொத்தனாரிடம் நீட்டினார். கொத்தனார் துளிரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது அரளிய்யா. இதுலயா துடுப்பு செஞ்ச?"

அரளி என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மணி எட்டரை. ஒன்பது மணிக்குப் பந்தி. சமையல்காரர் மொபைலுக்கு அடித்தோம், எடுக்கவில்லை. டிரைவர் பிக்கப்பை எடுத்தார். வழி முழுக்க நான் மனசுக்குள் சாமியைக் கூப்பிட்டேனே தவிர, என்ன சொல்வது என்று யோசிக்கவில்லை.

நாங்கள் போனபோது தட்டு போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நல்ல வேளை, ஒருவர் வாயிலும் படவில்லை. நான் ஓடிப்போய் அண்டாவின் முன்னால் நின்றுகொண்டு கத்தினேன். "யாரும் தொடாதீங்க, பல்லி விழுந்துருச்சு!"

அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. நம் ஆட்கள் கேள்வி கேட்காமல் அண்டாவோடு கொட்டுவது பல்லிக்குத்தான். முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார்கள். அண்டாவில் இருந்ததைக் குழி தோண்டிப் புதைக்கக் கொத்தனார் நின்றுகொண்டார். தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன். அப்போதுதான் சமையல்காரர் எங்கே என்று தேடினேன். கிச்சனுக்குப் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். பாகு பதம் பார்க்கவும் இனிப்பு பார்க்கவும் துடுப்பிலிருந்தே வழித்து வழித்து வாயில் போட்டிருக்கிறார். வெறும் வயிறு.

டிரைவர் எங்களை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு வண்டி நிறுத்தப் போனார். உள்ளே டாக்டர் என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். வாசலில் ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். விஷம் என்று சொன்னால் கேஸ் ஆகும், என்னை உள்ளே வைப்பார்கள், விசா போய்விடும், ஊரில் தங்கை கல்யாணம் நிற்கும் என்று கணத்தில் எல்லாம் ஓடிவிட்டது. வாய் தானாகச் சொன்னது, பல்லி விழுந்த பொங்கல் என்று. சமையல்காரர் அதைக் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார். அவருக்கு அதுதான் உண்மை. சாதாரண வயிற்றுக் கோளாறு என்று குளுக்கோஸ் ஏற்றி ஓரமாகப் படுக்க வைத்தார்கள்.

அப்படியே அரை மணி நேரம் போயிற்று. கூட ஒருவருக்கு மேல் விடாததால் டிரைவர் வெளியிலேயே இருந்தார். நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அவர் கண்ணுக்கு முன்னால் எல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஊருக்கு மட்டும் சொல்லிராத, புள்ளைக பயந்துரும்" என்றார். அப்போதும் நான் சொல்லவில்லை. நன்றாகிவிடும், வாந்திதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாடி பார்க்க வந்த நர்ஸ் குமரி மாவட்டத்துக் கடற்கரைப் பெண். நாங்கள் பேசுவதைக் கேட்டுத் தமிழிலேயே பேசினார். விரலை எடுக்காமல் கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடியும் எண்ணினார். மார்பில் ஒயர்களை ஒட்டிப் பார்த்தார். பிறகு என்னைத் திரைக்கு அந்தப் பக்கம் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை.

"அண்ணா, பல்லிக்கு நாடி இப்படி எறங்காது. இவருக்க இருதயத்த ஏதோ புடிச்சு வச்சிருக்கு. நெசமா என்ன தின்னாருண்ணு தெரிஞ்சாத்தான் டாக்டரு மருந்து குடுக்க முடியும். உங்களுக்குத் தெரியும். உங்க மொகத்தப் பாத்தாலே தெரியுது."

அரளி என்றேன். துடுப்பு என்றேன். அதற்கு மேல் அழுகைதான் வந்தது. அவர் அதைப் பார்க்க நிற்கவில்லை, டாக்டரைத் தேடி ஓடினார். அடுத்த நிமிடம் கட்டிலை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடிக்கொண்டது.

இரண்டு நாள் மிஷினோடு கட்டி வைத்திருந்தார்கள். பிழைத்துக்கொண்டார். போலீஸ் வந்தது. நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன், சுவாத்காரரும் கொத்தனாரும் வந்து சாட்சி சொன்னார்கள். சமையல்காரரிடம் புகார் இருக்கிறதா என்று கேட்டபோது, கையை விரித்து, "மாஃபி", இல்லை என்று அரபியில் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். எதையெல்லாம் நினைத்துப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேனோ, அதில் ஒன்றுகூட நடக்கவில்லை.

போலீஸ் போன பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று மன்னிப்புக் கேட்டேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மரம் தெரியாம எடுத்துட்ட, அது போகட்டும். யாருக்கும் நடக்கும். ஆனா எம்பக்கத்துல ஒக்காந்துக்கிட்டு, எங்கையையும் புடிச்சுக்கிட்டு, பல்லின்னு சொன்னியே. அதத்தான் என்னால தாங்க முடியல."



அடுத்த வெள்ளிக்கிழமை நர்சரிக்குப் போய், எல்லோர் முன்னாலும் இரண்டு தப்பையும் சொன்னேன். தனியாகக் கட்டை எடுத்ததற்குத் திட்டினார்கள். பொய்யைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது. சமையல்காரர் மறுபடி மெஸ்ஸுக்கு வந்தார். அதன் பிறகு இரண்டு வருடம் அவர் கையால் சாப்பிட்டேன். மற்றவர்களுக்குப் போடுகிற அளவுக்கு எனக்கும் போட்டார், கேட்டால் மறுசோறும் போட்டார். ஆனால் நான் இருக்கும் இடத்தில் அவர் உட்கார்ந்து பேசியதே இல்லை. அது எனக்குச் சரியாகத்தான் பட்டது.

அவர் ஊருக்குத் திரும்பிப் பல வருடம் ஆகிவிட்டது. நானும் வந்துவிட்டேன். என் பிள்ளைகள் எதையாவது உடைத்துவிட்டு முழிக்கும்போது நான் அடிப்பதில்லை, என்ன நடந்தது என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருப்பேன். அரளியை எடுத்தது என் அறியாமை, அதை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். ஒரு மனிதரின் நாடி அடங்கிக்கொண்டிருந்த அந்த அரை மணி நேரம், உண்மை தெரிந்த ஒரே ஆளாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் என் விசாவைப் பற்றி யோசித்தவன் நான் என்பதை மட்டும் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.