ஃபிளெக்ஸில் படம் போட ஆள் கிடைக்காத கதை

1. மேடை

விருது வாங்க மேடைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் அதிகாரி கையில் பேப்பரோடு வந்து காதோரம் கிசுகிசுத்தார்.

"அம்மா, மேடைல அந்த வார்த்தைய வாசிக்க வேணாம்னு பாக்குறேன். 'சிறந்த மக்கள் நலப் பணி'ன்னு போட்டிருவோம். முன்னாடி பூராம் பொம்பளைக உக்காந்திருக்காக."

அந்த வார்த்தை என்றால் ஆண்கள் கருத்தடை. துறை பாஷையில் என்.எஸ்.வி. சுகாதாரத் துறையில் நர்ஸாகச் சேர்ந்து, சர்வீஸில் பாதிக்கு மேல் அந்த ஒரு வேலைக்கே கொடுத்தவள் நான். "எல்லாத்தையும் பொண்டாட்டி தலையிலயே கட்டாதீக. உங்களுக்குச் சின்ன வேலைதான், தையல்கூடக் கிடையாது" என்று ஆண்களிடம் தொண்டைத்தண்ணி வற்றப் பேச வேண்டும். விருதே அதற்குத்தான். ஆனால் பெயரைச் சொல்ல மாட்டார்களாம்.

"ஏன் சார், நான் பாத்தது என்ன திருட்டு வேலையா?" என்றேன்.

அவர் பேப்பரை மடித்துக்கொண்டு மேடையேறினார். அந்தத் தல்லாகுளம் ஹாலில் என்னைப் பற்றி நீளமாகப் பேசினார். நான் கொசு மருந்து அடிக்கிறவளா, தண்ணீர்த் தொட்டி கழுவுகிறவளா என்று கேட்டவர்கள் யாருக்கும் விளங்கியிருக்காது.

2. ஃபிளெக்ஸ்

பழங்காநத்தத்தில் வீட்டு வாசலை மிதித்ததும், ஆட்டோ ஓட்டுகிற என் தம்பி சரவணன், "அக்கா, ஃபிளெக்ஸ் வச்சிருவோம்" என்றான். எங்கள் ஊரில் காதுகுத்துக்கும் ஃபிளெக்ஸ், கருமாதிக்கும் ஃபிளெக்ஸ். விருதுக்கு வைக்காவிட்டால் என்ன ஏதென்று தெருவே விசாரிக்கும்.

"வை. ஆனா 'ஆண்கள் கருத்தடை ஆலோசகர்'னு பெருசாப் போடணும். சிம்மக்கல்லுல லோடுமேன் ஷெட்டுல கட்டணும்" என்றேன். கோபத்தில் பாதி, காரியமாகப் பாதி.

காரியம் என்பது பாண்டி. சிம்மக்கல்லில் வெங்காய மூட்டை தூக்குகிறவன். அவன் பொண்டாட்டி முத்துலட்சுமிக்கு மூன்று பிள்ளைகள். மூன்றாவது பிரசவத்தில்தான் இருதயத்தில் கோளாறு என்று தெரிந்தது. அடுத்து ஒன்று உண்டானால் உயிருக்கு ஆபத்து, அவளுக்கே ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து கொடுக்கவும் யோசிக்க வேண்டும், புருசன் பண்ணிக்கொள்வதுதான் நல்லது என்று டாக்டரம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார்.

பாண்டி கெட்டவன் இல்லை. "எனக்குப் பயமில்ல நர்சக்கா. ஷெட்டுல தெரிஞ்சா எவனும் எங்கூட மூட்டை பிடிக்க மாட்டான். நரம்பு செத்த பயன்னு ஒதுக்கிருவாங்க" என்றான். அதுவும் நிஜம்தான். மூட்டையை முதுகில் ஏற்றிவிட இன்னொரு ஆள் பிடிக்க வேண்டும். ஜோடி இல்லாதவனுக்கு அங்கே லோடு கிடையாது.

அவன் மனசு மாறுகிற வரைக்கும் இருக்கட்டும் என்று ஆணுறை கொடுத்திருந்தேன். அதைத் தேள் மாதிரி இரண்டு விரலால் வாங்குவான். ஒரு மாதம் முத்துலட்சுமிக்கு நாள் தள்ளிப்போனது. டெஸ்ட் பண்ணி இல்லை என்று சொல்கிற வரைக்கும் அந்தப் பிள்ளை சோறு இறங்காமல் கிடந்தது.

ஷெட்டில் அவர்களுக்கு மேஸ்திரி ஒச்சண்ணன். நான் அந்தப் பக்கம் போனாலே, "நர்சக்கா வாராக, வேட்டிய இறுக்கிக் கட்டுங்கடா" என்று முதல் குரல் கொடுப்பது அவர்தான். இத்தனைக்கும் ரொம்ப வருசத்துக்கு முன்பே என்னிடம் வந்து ஆபரேஷன் பண்ணிக்கொண்ட மனுசன். அவர் வீட்டம்மாவுக்கும் எனக்கும் தவிர ஒரு குருவிக்கும் தெரியாது. அந்த ஒரு சேதியைச் சொன்னால் பாண்டி மறுநாளே வந்துவிடுவான். ஆனால் சொல்லக் கூடாது. எங்கள் வேலையில் அது மகா பாவம். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு டீ குடித்துவிட்டு வருவேன்.

ஃபிளெக்ஸ் என்றால் கீழே வரிசையாக வாழ்த்துகிறவர்கள் படம் இருக்க வேண்டும். சரவணன் ஊரெல்லாம் சுற்றிவிட்டு வெறுங்கையோடு வந்தான்.

"ஒருத்தனும் படம் குடுக்க மாட்டேங்குறான்க்கா. டீக்கடைக்காரர், வேணும்னா வாயால வாழ்த்துறேங்குறார். ஒருத்தர் மட்டும் குடுக்குறேன்னாரு. ஆனா படத்துக்குக் கீழ 'இவர் செய்துகொள்ளவில்லை'ன்னு போடணுமாம்."

"சரி, உன் படத்தையாச்சும் போடு."

"மாமனார் வீட்டுல பாத்துருவாகளேக்கா" என்று நெளிந்தான்.

3. மேஸ்திரி

நேரே ஒச்சண்ணன் வீட்டுக்குப் போனேன். "அண்ணே, முத்துலட்சுமி நெலமை உங்களுக்கே தெரியும். உங்க விசயத்த நான் செத்தாலும் சொல்ல மாட்டேன். சொன்னா நீங்கதான் சொல்லணும். இஷ்டமில்லன்னா விட்ருங்க, வருத்தமில்ல" என்றேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "நான் இம்புட்டு நாளா நக்கலடிச்சதே எம்மேல யாருக்கும் சந்தேகம் வந்துறக் கூடாதுன்னுதானே நர்சக்கா."

அடுப்படியிலிருந்து அவர் வீட்டம்மா வந்து நின்றார். "எனக்காகப் பண்ணிக்கிட்டீக. அதைச் சொல்றதுக்கு என்ன கேடு? படத்தக் குடுங்க."

ஷெட்டில் ஃபிளெக்ஸ் ஏறியது. கீழே ஒரே ஒரு படம். கூலிங்கிளாஸ் போட்ட ஒச்சண்ணன். அதற்கடியில் அவரே சொல்லி எழுத வைத்த வரி: "நானும் பண்ணிக்கிட்டவன்தான். இன்னைக்கும் மூட்டை தூக்குறேன்."

ஷெட்டே அதற்கடியில் கூடிவிட்டது. "நெசமாவாண்ணே?" என்று எவனோ கேட்டான். அவர் கேட்டவனையே பிடிக்கச் சொல்லி ஒரு மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு லாரி வரைக்கும் போய் இறக்கிவிட்டு வந்தார். அப்புறம் பாண்டியைப் பார்த்தார்.

"மாப்ள, போய்ப் பண்ணிக்க. டாக்டர் சொல்ற வரைக்கும் ரெஸ்ட் எடு. திரும்பி வந்தா உம் மூட்டைய நான் பிடிக்கிறேன்."

சின்னப் பிள்ளைகளே, இந்த வேலைக்குப் புதுசாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். செய்கிற வேலையின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். நாமே கூசினால் வருகிறவன் எப்படிக் கூசாமல் வருவான்? ஆனால் நம்பி வந்தவர் ரகசியம் அவருடையது. அதை அவர்தான் திறக்க வேண்டும்.

அந்த வாரமே பாண்டி வந்தான். மூன்று மாதம் உறையை விடக் கூடாது, அப்புறம் டெஸ்ட் என்று மறுபடி சொல்லி உள்ளே அனுப்பினேன். வெளியே வந்து பார்த்தால் பெஞ்சில் முத்துலட்சுமி சாவகாசமாகப் பார்சலைப் பிரித்து வைத்துப் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னடி, புருசன் உள்ள படுத்திருக்கான், உனக்குப் பரோட்டா கேக்குதா?" என்றேன்.

"மூணு தடவ நான் உள்ள கெடந்தேன்க்கா. மூணு தடவையும் அவரு வெளிய இதான் தின்னாரு" என்றவள், சால்னாவை ஊற்றிக்கொண்டாள். "இன்னைக்குத்தான்க்கா பயமில்லாமச் சாப்புடுறேன்."