வரிக்குப் பின்னால் விட்ட இடம்

பஸ் டிப்போவில் பிரேக் பார்க்கிற ஆள் ப்ளூஸ் என்கிற அமெரிக்கச் சோகப் பாட்டைப் பாடுவாரா என்று கேட்டால் நானும் சிரித்திருப்பேன், அவர் என் அக்காவைக் கட்டிக்கொள்ளும்வரை. மாமாவின் விரல் இடுக்கில் எப்போதும் கிரீஸ் இருக்கும். அதே விரலால் கிடாரைத் தொட்டால் சண்டைக்கு வந்தவன்கூட உட்கார்ந்துவிடுவான். சண்டைக்கு வந்தவன் பெரும்பாலும் நான்தான்.

ப்ளூஸில் ஒரு வரியைப் பாடிவிட்டுக் கொஞ்சம் இடம் விடுவார்கள். அந்த இடத்தில் இன்னொரு வாத்தியம் பதில் சொல்லும். மாமாவுக்குப் பதில் சொன்னது பெயிண்டரின் மவுத் ஆர்கன். அதே டிப்போவில் பஸ்களுக்கு ஸ்பிரே அடிப்பவர். முகமூடி போடுங்க என்றால், "மூக்கு அரிக்குதுப்பா" என்பார். இருபத்திரண்டு வருஷம் அப்படியே அடித்து நுரையீரலைக் கெடுத்துக்கொண்டார்.

என் ஸ்டுடியோ ஒரு மரக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. கீழே ரம்பம் ஓடினால் மேலே பதிவு கிடையாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், ரம்பக்காரர் சாப்பிடப் போன நேரத்தில், மாமாவைப் பெரிய அறையிலும் பெயிண்டரைச் சின்ன அறையிலும் நிற்க வைத்து, இரண்டு பேரையும் தனித்தனியாகப் பதிவு செய்து ஒரு பாட்டை எடுத்தேன். முதல் தடவையாக ரேடியோவுக்குப் போகிற பாட்டு. நன்றாகத்தான் வந்தது. ஆனால் பெயிண்டர் மூச்சை இழுக்கும்போதெல்லாம் கரகரவென்று ஒரு சத்தம். ப்ளூஸில் மவுத் ஆர்கனை ஊதுவதைவிட உறிஞ்சுவதுதான் அதிகம். மூச்சை வெட்டினால் வாசிப்பும் கூடவே போனது.

மறுநாள் மாமா தனியாக வந்து பாட்டைக் கேட்டார்.

"அவன் வாசிச்சத மொத்தமா மூடிடு மச்சான்."

"அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு மூடலாமே மாமா."

"நான் சொல்லிக்கறேன். நீ மூடு."

பெயிண்டர் வாசிப்பு மட்டும் கேட்காதபடி பொத்தானை அமுக்கி மூடினேன். மாமா அவரிடம் சொல்லவில்லை.

பாட்டு ஒலிபரப்பான அன்று டிப்போ முழுக்க ரேடியோவைச் சுற்றி நின்றது. வீட்டில் பெயிண்டரின் சம்சாரம் அக்கம்பக்கத்தையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார். முதல் வரி முடிந்தது. பதில் இல்லை. இரண்டாவது வரிக்கும் இல்லை. டிப்போவில் எல்லோரும் பெயிண்டரைப் பார்த்தார்கள். பக்கத்தில் நின்ற மாமா வாய் திறந்தார். என்ன சொன்னார் தெரியுமா? "என் மச்சினன் கோட்டை விட்டுட்டான்டா." அடப்பாவி மனுஷா!

அன்று பிடித்தது எனக்குச் சனி. பெயிண்டரின் சம்சாரம் ஒரு நாள் ஜவுளிக்கடை வாசலில் பத்துப் பேர் பார்க்க, "காது கேக்காதவனுக்கு எதுக்குய்யா இந்தத் தொழில்?" என்று கேட்டார். அக்கா முகத்துக்காக விழுங்கிக்கொண்டு வந்தேன். எட்டு மாதத்தில் பெயிண்டர் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகும் என்னைக் கண்டால் அந்த அம்மா விடவில்லை. மாமா கிடாரைத் தூக்கிப் பரணில் போட்டார்.

இரண்டு வருஷம் கழித்து என் அக்காதான் அதை இறக்கித் தூசி தட்டினாள். "வீட்டுல உம்முனு உக்காந்து என் உயிர எடுக்காதீங்க, போய்ப் பாடுங்க" என்று தள்ளிவிட்டாள்.

வந்தார். புதுப் பாட்டு. முதல் வரியை அருமையாகப் பாடினார். இடம் விட்டார். அப்படியே நின்றுவிட்டார். மறுபடி ஆரம்பித்தோம், அதே இடத்தில் நின்றார். பதினோரு தடவை. "மாமா, இப்ப நீங்களே கிடார்ல ஏதாவது வாசிச்சு நிரப்பணும்" என்றேன். தலையாட்டினார். பன்னிரண்டாவது தடவையும் காலியான சின்ன அறையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு வந்தவர் பெயிண்டரின் சம்சாரம். மாமா மறுபடி பாடுகிறார் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். கையில் மவுத் ஆர்கன் பெட்டி.

"புதுசா யாராவது வாசிச்சா இத வெச்சு வாசிக்கட்டும் அண்ணா" என்றவர், என் பக்கம் திரும்பினார். "தம்பி, இந்தத் தடவையாவது ஒழுங்கா எடுங்க."

மாமா கிடாரைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"மச்சான் மேல தப்பு இல்ல தங்கச்சி. நான்தான் மூடச் சொன்னேன்."

"எத?"

"உன் வீட்டுக்காரன் வாசிச்சத. மூச்சு கரகரன்னு கேட்டுச்சு. ரேடியோவுல எல்லாரும் கேப்பாங்களேன்னு எனக்கு வெக்கமா இருந்துச்சும்மா."

அந்த அம்மா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "பாட்டக் கேட்டுட்டு வந்தவரு, மெஷினுக்கே கேக்காத அளவுக்கு என் மூச்சு போயிடுச்சு போலன்னு சொன்னாரு. அன்னிக்கு மூடி வெச்சதுதான் இந்தப் பெட்டி. நான் இன்னிக்குத்தான் தொறந்தேன்."

மாமா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, உங்கள என்னென்னமோ பேசிட்டேனே" என்றார் அந்த அம்மா என்னிடம். இந்த வார்த்தைக்காக எத்தனை நாள் காத்திருந்தேன்! நறுக்கென்று கேட்க நாலு கேள்விகூட யோசித்து வைத்திருந்தேன்.

"பொத்தான அமுக்கினது நான்தாங்க. நானாவது அவர்கிட்ட சொல்லியிருக்கணும்" என்றேன்.

"அழிச்சிட்டீங்களா?"

"இல்ல. இருக்கு."

கீழே ரம்பம் ஓட ஆரம்பித்தது. அது நிற்பதற்குள் பழைய பதிவைத் தேடி எடுத்தேன். நின்றதும் அதில் பெயிண்டர் வாசித்ததை மட்டும் திறந்துவிட்டேன். முதலில் மூச்சுதான் கேட்டது, கரகரவென்று. பிறகு மவுத் ஆர்கன் அழுதது. எவ்வளவு நன்றாக வாசித்திருக்கிறார் மனுஷன்! அந்த அம்மா ஸ்பீக்கரின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"இதையே பாடுங்க அண்ணா. தம்பி, ஒரு மூச்சக்கூட வெட்டக் கூடாது."

மாமா புதுப் பாட்டை விட்டுவிட்டுப் பழையதைப் பாடினார். வரியைப் பாடி இடம் விட்டார். பெயிண்டர் பதில் சொன்னார். ஒரே தடவையில் முடிந்தது.

அந்த அம்மா பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு கிளம்பினார். மாமா பின்னாலேயே படிவரை ஓடினார்.

"ஒரு வார்த்தை திட்டிட்டாவது போ தங்கச்சி."

அவர் இரண்டு படி இறங்கி நின்று, மாமாவைப் பார்க்காமல் என்னைக் காட்டினார்.

"உங்களுக்குச் சேர வேண்டிய திட்டையெல்லாம் இந்தத் தம்பிகிட்டயே தீத்துட்டேன் அண்ணா. உங்களுக்குன்னு ஒண்ணும் மிச்சம் இல்ல."