துரையைக் கண்டு இறங்கிய தம்பி

இன்று கந்தப்பளை ரோட்டில் மாவட்ட சைக்கிள் பயிற்சிக்கு ஆள் எடுக்கும் பந்தயம். முதலில் வரும் இருவருக்குத்தான் இடம்.

என் தம்பி முருகேசு எல்லாரையும் பின்னால் விட்டு வந்துகொண்டிருந்தான். கடைசி வளைவில் எங்கள் தேயிலைத் தோட்டத்தை நடத்தும் துரையின் கார் எதிரே வந்தது. இவன் சட்டென்று இறங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றுவிட்டான். தோட்டத்துப் பாதையில் நாங்கள் அப்படித்தான் நிற்க வேண்டும். அதற்குள் மூன்று பேர் தாண்டிப் போய்விட்டார்கள்.

"ஏன்டா எறங்குன?" என்றேன்.

"காலு தானா எறங்கிருச்சுக்கா."

தோட்டத்தில் எங்களை மேய்க்கும் கண்டாக்கையா, தோட்டப் பள்ளியில் படிப்பிக்கும் என்னைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "பாத்தீங்களா டீச்சர், நம்ம தோட்டத்துப் பயலுக்கு என்னா மரியாதை!"



பயிற்சியில் ஏற்றம் மிதிக்கச் சொல்லிக்கொடுப்பார்களாம். துரை வந்தாலும் இறங்காமல் மிதிக்க எங்கே சொல்லிக்கொடுக்கிறார்கள்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.